பாதியாய்க் குறைந்த கழிவுநீர்

காலை ஷிப்டுக்கு அவள் வந்தபோது தொட்டியின் நுரை வெள்ளையாக இருந்தது. நல்ல நாளில் அது வெளிர் பழுப்பாக, ஓரத்தில் மட்டும் ஒதுங்கி நிற்கும். இன்றோ நடுத்தொட்டியிலேயே பொங்கி, கைப்பிடிக் கம்பியைத் தாண்டி, காற்று வீசும் பக்கமெல்லாம் பஞ்சு போலப் பிய்ந்து பறந்துகொண்டிருந்தது. நடைபாலத்தில் நின்று மூச்சை உள்ளிழுத்துப் பார்த்தாள். மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். வரவில்லை.

பினாலும் ஃபார்மலினும் சேர்த்து பிளைவுட்டுக்குப் பசை காய்ச்சும் ஆலை அது. பசைப் பிரிவின் கழிவுநீர் இந்தத் தொட்டிக்கு வரும். தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள நஞ்சைத் தின்று தீர்க்கும். தெளிந்த தண்ணீர் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகும். அந்த நுண்ணுயிர்களுக்கு ஆலையில் மாடுகள் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. ஆலை மூடியிருக்கும் நாட்களில் கழிவு வராமல் அவை பட்டினி கிடக்குமே என்று சர்க்கரையும் யூரியாவும் கரைத்து ஊற்ற ஆள் வைத்திருந்தார்கள். ஷிப்ட் மாறும்போது "மாடு எப்படி இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்பு அவளுடையது என்பதால் அவள் மாட்டுக்காரம்மா. பால் கறக்காத மாட்டுக்கு இவ்வளவு கவனிப்பா என்று பசைப் பிரிவு ஆட்கள் கேட்பார்கள். பால்தான் ஆத்துல ஓடுதே, குடிச்சுப் பாருங்க என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

இரவு ஷிப்ட் பார்த்தவரை எல்லாரும் ஸ்பீக்கர் அண்ணன் என்பார்கள். காற்றடிக்கும் ப்ளோயர்களின் இரைச்சலிலேயே பாதி ஆயுள் கழிந்ததால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் சொன்னாலும் கேட் வரை கேட்கும். அவர் கையில் குழாயோடு நுரையின் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன்பே நுரை கிளம்பிவிட்டது என்றும், வெளியூர் ஆட்கள் வருகிற நாளில் இப்படியா என்று அதை அடக்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அவளை எழுப்பவேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்ததற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

"ஆக்சிஜன் ஏறிக்கிட்டே இருந்துச்சும்மா. இவ்வளவு நல்லா நான் பாத்ததே இல்ல. மாடு ஜம்முனு இருக்குன்னுல்ல நினைச்சேன்."

அவள் மீட்டரைப் பார்த்தாள். முள் இதுவரை போகாத இடத்தில் நின்றது. ப்ளோயர் எப்போதும்போலக் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொள்ளத்தான் தொட்டிக்குள் யாரும் இல்லை.

மூலையில் இருந்த சின்ன அறைக்குப் போய், ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். வழக்கமாக அங்கே ஒரு சந்தையே கூடியிருக்கும். தண்டில் ஆடும் மணி போன்றவை, விருட்டென்று சுருங்கி விரிபவை, குறுக்கும் நெடுக்கும் ஓடுபவை. இன்று எல்லாம் அப்படியப்படியே நின்றிருந்தன. இன்னொரு சொட்டு எடுத்தாள். பிறகு தொட்டியின் மறுமூலையிலிருந்து ஒன்று. எதுவும் அசையவில்லை.

வெளியே வந்து, ஆற்று ஷட்டரை மூடச் சொன்னாள். ஸ்பீக்கர் அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. ஷட்டரை மூடினால் எல்லாம் அவசரக் குட்டைக்குப் போகும், குட்டை ஒரு நாள் தாங்கினால் அதிகம், மேலே கேட்காமல் எப்படி என்றார். கேட்டுக்கொள்கிறேன், முதலில் மூடுங்கள் என்றாள். இருவரும் சேர்ந்துதான் சக்கரத்தைச் சுற்ற முடிந்தது. துருப்பிடித்த கதவு கீழே போய் உட்கார்ந்ததும் வாய்க்காலில் ஓட்டம் நின்றது. அதில் தேங்கியிருந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது.

இனிமேல் போகப்போவதை நிறுத்தியாகிவிட்டது. விடிவதற்கு முன்பிருந்தே போய்விட்டதை என்ன செய்வது? ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் நகரத்துக் குடிநீர் நிலையத்தின் பம்புகள் இருந்தன. போன கோடையில் ஆற்று ஓட்டத்தை அளக்க ஆரஞ்சுப் பழங்களை மிதக்கவிட்டு, கரையிலேயே நடந்து பார்த்திருந்தார்கள். விடிகாலையில் இங்கே போட்ட பழம் மதியத்துக்குள் அங்கே போய்ச் சேரும். பழத்துக்கும் பசைத் தண்ணீருக்கும் ஆறு ஒன்றுதான்.

மாடுகள் ஒரே ராத்திரியில் சாகவேண்டுமானால் ஏதோ மொத்தமாக வந்திருக்க வேண்டும். அவள் பசைப் பிரிவுக்கு நடந்தாள். வேகமாக நடந்தால் பார்ப்பவர்கள் கேட்பார்கள் என்று வேகத்தை அடக்கிக்கொண்டு நடந்தாள்.

பசைப் பிரிவின் தலைவர் அவளுடைய அக்காவின் கணவர். இந்த ஆலையில் வேலை இருப்பதாகச் சொல்லி அவளை விண்ணப்பிக்கவைத்தவரே அவர்தான். கீழ்வீட்டில் அக்கா குடும்பம், மாடியில் அவள். தினமும் அவருடைய பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வருவாள். வீட்டில் அத்தான். கேட்டைத் தாண்டியதும் சார். சொந்தத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே இருவரும் பேசிவைத்துக்கொண்டது. அதனால் சில சமயம் தமாஷாகவும் போகும். கேட்டுக்கு வெளியே, பருப்பு வாங்கிட்டு வரச் சொன்னா உங்க அக்கா என்பார். உள்ளே வந்ததும், நேத்து ரிப்போர்ட் அனுப்பினீங்களா மேடம் என்பார்.

கழிவுநீரைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் எல்லாப் பிரிவுக்கும் உத்தரவு போட்டபோது அத்தான்தான் வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கொதிகலம் பசை இறக்கிய பின்னும் கலத்தைப் புதுத்தண்ணீரில் மூன்று முறை கழுவுவார்கள். அத்தனையும் சாக்கடைக்குப் போகும். அத்தான் ஒரு பழைய தொட்டியைச் சரிசெய்து, கழுவின தண்ணீரைப் பிடித்துவைத்து, அதையே திரும்பத் திரும்பக் கழுவப் பயன்படுத்தினார். மீட்டரில் கழிவுநீர் பாதியாகக் குறைந்தது. இருபது வருஷமாக உற்பத்தி குறைந்தால் திட்டு, கூடினால் மௌனம் என்று பழகியிருந்தவரை முதன்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் அதை அவர் மூன்று தடவை சொன்னார். இன்று வரப்போகிறவர்கள் பசையை வாங்கும் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். அந்தக் குறைப்பைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அந்தக் கழுவுதொட்டி இப்போது பளபளவென்று இருந்தது. வெளியே நீலப் பெயிண்ட். உள்ளே எட்டிப்பார்த்தாள். தேய்த்துக் கழுவித் துடைத்து, சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது. பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆளிடம், இதில் இருந்த தண்ணீர் எங்கே என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலமே திறந்து விட்டாச்சு மேடம். கூழ் மாதிரி கலங்கி நின்னுச்சு. வர்றவங்க பாத்தா முகம் சுளிப்பாங்க, காலி பண்ணிடுங்கன்னு சார் சொல்லிட்டாரு."

எங்கே திறந்துவிட்டீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. சாக்கடை ஒன்றுதான். வாரக்கணக்காக ஒவ்வொரு கொதிகலத்தின் அழுக்கையும் சேர்த்து வாங்கிக்கொண்ட தண்ணீர். மூன்று முறை கழுவிய காலத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்ததையெல்லாம் மாடுகள் தின்று செரித்துக்கொண்டிருந்தன. அதுவே இப்போது ஒரே வேளையில் வந்திருக்கிறது. மீட்டர் தண்ணீரின் அளவைத்தான் காட்டும். அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் அவள். மீட்டர் குறைந்தபோது அவளும்தான் கை தட்டினாள்.

அத்தான் தன் அறையில் இஸ்திரி போட்ட சட்டையோடு, படம் போட்ட தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு, மாடுகள் செத்ததையும் கழுவுதொட்டியைப் பார்த்ததையும் சொன்னாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, திரும்ப அதே இடத்தில் செருகினார். கழிவு போக வேண்டிய இடத்துக்குத்தானே அனுப்பினேன், அதுக்குத்தானே உன் தொட்டி இருக்கு என்றார். அதில் கோபத்தைவிடக் கெஞ்சல் அதிகமாக இருந்தது.

"ஆத்துக்குப் போயிருக்கு சார். பம்பு நிலையத்துக்குச் சொல்லணும்."

"ஆறு எவ்வளவு பெருசு. போற வழியில கரைஞ்சு காணாமப் போயிடும்."

கரையலாம், கரையாமலும் போகலாம், என்ன இருந்தது எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்றாள். அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். எந்தெந்தப் பசைக்குக் கழுவினார்கள், எத்தனை முறை கழுவினார்கள் என்பதை அவர்தான் நேரில் நின்று பார்த்தவர். ஆய்வுக்கூடத்தில் கேட்டால் சாயங்காலம்தான் முடிவு வரும்.

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். விருந்தாளிகளின் கார் கேட்டில் நின்றுகொண்டிருந்தது. காவலாளி சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பிடுவாங்க. அது வரைக்கும் பொறு. அப்புறம் நானே போன் பண்றேன், யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். இந்த ஒரு தடவை."

"அதுக்குள்ள அங்க போய்ச் சேர்ந்துடும்."

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு, கதவு வரை போய், கதவைத் திறக்காமல் நின்றார். பிறகு திறந்துகொண்டு போய்விட்டார்.

மேலாளரைப் பிடிக்க அவள் படிக்கட்டிலேயே நின்றாள். ஒல்லியான, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். நடந்துகொண்டே கேட்டார். ஷட்டரை மூடியதை முதலில் சொன்னதால் அங்கேயே நின்றுவிட்டார். விருந்தாளிகளை ஆற்று வாய்க்கால் வரை அழைத்துப்போவதாகத் திட்டம். ஓட்டம் நின்ற வாய்க்காலைக் காட்டினால் என்ன நினைப்பார்கள் என்றார். போர்வெல் தண்ணீரைத் திறந்து வாய்க்காலில் விடச் சொன்னார். பம்பு நிலையத்தைப் பற்றிச் சொன்னபோது, ஆய்வுக்கூட முடிவு இல்லாமல் ஊரைக் கலக்குவது பொறுப்பில்லாத வேலை என்றார். முடிவு வரட்டும், கடிதம் போடுவோம். அவர் குரலில் வன்மம் எதுவும் இல்லை. ஒரு வேலையைப் பட்டியலில் கீழே தள்ளி எழுதுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

அவள் நுண்ணோக்கி அறைக்குத் திரும்பி வந்து பம்பு நிலையத்துக்கு போன் செய்தாள். எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது. கட்டைக் குரலில் ஒருவர் எடுத்தார். பின்னால் மோட்டார்கள் ஓடுவது கேட்டது. தான் யார் என்பதையும் நடந்ததையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்னம்மா கலந்திருக்கு?"

"பினால்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவர் எரிந்து விழவில்லை. மாதத்தில் ஒருவராவது ஆற்றில் விஷம் என்று போன் செய்வார்கள், பாதிப்பேர் பக்கத்து ஆலைக்காரனைப் பிடிக்காமல் செய்கிறவர்கள் என்று பொறுமையாகவே சொன்னார். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கிறது. பம்பை நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். வெறும் காஸ்டிக் சோடாத் தண்ணீர் என்றால் ஆறே பார்த்துக்கொள்ளும், நிறுத்தத் தேவையில்லை. பினால் என்றால் கதை வேறு. இங்கே போடுகிற குளோரினோடு அது சேர்ந்தால், துளிபோல இருந்தாலும் ஊர் முழுக்கக் குழாயில் மருந்து நாற்றம் அடிக்கும். குழாயெல்லாம் கழுவி முடிக்க வாரமாகும். அதைவிட அதிகமாக இருந்தால் நாற்றத்தோடு நிற்காது.

அவளும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தாள்.

"ஊத்துனவரையே பேசச் சொல்லுங்க. என்ன, எவ்வளவுன்னு அவர் வாயால சொல்லட்டும். மேல இருக்கறவங்ககிட்ட நான் அதைத்தான் சொல்ல முடியும். லைன்லயே இருக்கேன், வைக்க மாட்டேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் படியேறினாள். வழியில் ஸ்பீக்கர் அண்ணன், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், போர்வெல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வாய்க்காலில் விடச் சொல்லியிருக்காங்க, விடவா வேண்டாமா என்று ஆலை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். ஷட்டருக்கு மேல்பக்கம் விட்டால் அதுவும் குட்டையைத்தான் நிரப்பும் என்று அவள் சொன்னாள். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே காலை வைத்து நின்றுகொண்டார்.

கூட்ட அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். சுவரில் ஒரு கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கியது. வாராவாரம் குறைந்த கழிவுநீர். விருந்தாளிகள் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஓர் அம்மாள், அவர் பக்கத்தில் குறிப்பெடுக்கும் இளைஞர். மேலாளர் முன்வரிசையில். அத்தான் கையில் குச்சியோடு கோட்டின் கீழ்முனையைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவர் பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அவளைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் நின்றார்.

இது மீட்டிங் நடக்கிற இடம், அப்புறம் பேசலாம் என்று மேலாளர் திரும்பாமலே சொன்னார். அவள் மேஜை வரை நடந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, தாள்களுக்கு நடுவில் வைத்தாள்.

"அத்தான். பம்பு நிலையத்துல இருந்து கேக்குறாங்க. தொட்டியில என்ன இருந்துச்சு, எவ்வளவு இருந்துச்சு?"

கேட்டுக்குள் ஒருநாளும் சொல்லாத சொல். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மேலாளரைப் பார்த்தார். குச்சி இன்னும் கோட்டின் முனையிலேயே இருந்தது. நரைத்த அம்மாள், யார் போனில் இருப்பது என்று கேட்டார். சின்ன உள்விவகாரம் என்று மேலாளர் எழுந்தார். போனை எடுக்கக் கை நீட்டினார்.

"ஹலோ," என்றது மேஜையிலிருந்து கட்டைக் குரல். மோட்டார் இரைச்சல் அறையை நிரப்பியது. "அங்க யாராவது இருக்கீங்களா? நான் பம்பை நிறுத்தணுமா, வேண்டாமா?"

மேலாளரின் கை போனுக்கு மேலே நின்றது. குரல் மறுபடி ஹலோ என்றது. அந்த இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டு அத்தானைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

அத்தான் குச்சியை மேஜையில் வைத்தார். உருண்டு விழாமல் இருக்க ஒரு தாளை அதன் கீழ் மடித்து வைத்தார். அந்த நேரத்தில் அதைச் செய்தது அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு குனிந்து, போனுக்கு மிக அருகில் வாயை வைத்துப் பேசினார்.

"நிறுத்துங்க. பினால்தான். கொஞ்சம் ஃபார்மலினும் இருக்கு."

"நீங்க யாரு சார்?"

"நான்தான் திறந்துவிடச் சொன்னேன்."

பிறகு எத்தனை வாரம், ஒவ்வொரு கழுவலிலும் எவ்வளவு சேர்ந்திருக்கும், தொட்டியின் கொள்ளளவு என்ன என்றெல்லாம் அவர் மனக்கணக்காகவே சொன்னார். பள்ளிக்கூடத்தில் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்கிற பையனைப் போல, ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தி, அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார். மறுமுனையில் அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது. ஒரு மோட்டாரின் சத்தம் தாழ்ந்து இழுத்து அடங்கியது. பிறகு இன்னொன்று. எல்லாம் நின்றதும் அந்த அமைதியில், ஆற்றோரத்தில் பறவைகள் கத்துவது போனில் தெளிவாகக் கேட்டது.

குளோரினையும் நிறுத்தியாகிவிட்டது என்றார் கட்டைக் குரல். ஆனால் ஏற்கெனவே உள்ளே இழுத்திருந்தால் நிறுத்தி என்ன பயன், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். அத்தான் அவளைப் பார்த்தார்.

நாங்க வர்றோம் என்று அவள் சொன்னாள்.

அத்தான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அறையை விட்டு வெளியேறினார். வழியில் பசைப் பிரிவில் தலையை நீட்டி, ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலத்தைக் குளிரவைக்கும்படியும், தான் சொல்லும்வரை அடுத்ததை ஏற்றக் கூடாது, எதையும் கழுவக் கூடாது என்றும் சொன்னார். ஏன் என்று கேட்ட ஆளுக்கு, மாடு செத்துப்போச்சு என்றார். அந்த ஆள் சிரிக்கப் போய், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

பைக்கில் கிளம்பினார்கள். ஆற்றோரச் சாலையில் அவர் ஓட்டிய வேகத்துக்கு அவள் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வலப்பக்கம் ஆறு வெயிலில் மின்னிக்கொண்டு கூடவே வந்தது. எந்த இடத்தில் அந்தத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, அதை முந்திவிட்டோமா, பின்னால் வருகிறோமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. எல்லாம் ஒரே நிறத்தில்தான் இருந்தது. ஒரு திருப்பத்தில் அவர் திரும்பாமலே பேசினார்.

"உள்ள அத்தான்னு கூப்பிட்டியே."

"வாய் தவறிடுச்சு."

"சார்னு கூப்பிட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்."

அவர் வண்டியை இன்னும் முறுக்கினார்.

கட்டைக் குரல்காரர் அவள் நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தார். தண்ணீர் உறிஞ்சும் கிணற்றை ஒட்டி, ஆற்றுக்குள் நீண்டிருந்த சிமெண்டு மேடையில் வாளியும் கயிறுமாக நின்றார். உள்ளே இருக்கும் தண்ணீரில் நாற்றம் இல்லை, மூன்று இடத்தில் எடுத்துப் பார்த்துவிட்டேன் என்றார். அப்படியானால் இரண்டில் ஒன்று. இன்னும் வந்து சேரவில்லை, அல்லது மேடைக்கு அந்தப் பக்கமாக ஏற்கெனவே கடந்து போய்விட்டது. கடந்து போயிருந்தால் நடு ஓட்டத்தில் போனதில் எவ்வளவை மோட்டார் இழுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வந்து சேரவில்லை என்றால் தப்பித்தோம். வருகிறதா என்று பார்த்துத்தான் தெரியும்.

அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியை வாங்கினார். இறக்கி, மொண்டு, இழுத்து, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றுமில்லை என்றார். மற்ற இருவரும் முகர்ந்தார்கள். ஒன்றுமில்லைதான். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி இறக்கினார். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நகரத்திலிருந்து போன் மேல் போன் வந்தது. குழாய் ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கு, ரிப்பேர் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லி வைத்துக்கொண்டிருந்தார் கட்டைக் குரல்காரர். நடுவில் அவருடைய மேலதிகாரி கூப்பிட்டார். நாற்றமே வரவில்லை என்றால் எதற்கு நிறுத்தினாய் என்று அவர் கேட்டது மூவருக்கும் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் சார் என்று சொன்னபோது அவர் அத்தானைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தார்.

அடுத்த வாளியையும் அத்தான் முகர்ந்தார். மெதுவாக, இரண்டு முறை.

"ஒண்ணும் இல்ல." முகத்தில் இறுக்கம் தளர்ந்திருந்தது. "ஆறே கரைச்சுடுச்சு போல. நான்தான் சொன்னேனே."

கொட்டப் போன வாளியைக் கட்டைக் குரல்காரர் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், இதுவா ஒண்ணும் இல்ல? ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு."

அத்தான் வாளியைத் திரும்பப் பிடுங்கி, முகமே நனையும்படி குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவளைப் பார்த்தார். அவள் குனிய வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே அடித்தது.

"ஆமாம் அத்தான். வந்துடுச்சு."

இருபது வருஷம் அந்தக் கொதிகலங்களுக்கு நடுவில் நின்ற மூக்கு. அது எப்போது விட்டுப்போனது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர் வாளிக்குள் இருந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெளிவான தண்ணீர். குடிக்கலாம் போலத்தான் இருந்தது.

கட்டைக் குரல்காரர் மேலதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டு, வந்துவிட்டது, மோட்டார் நின்ற பிறகுதான் வந்தது, உள்ளே ஒன்றும் போகவில்லை என்று சொன்னார். சொல்லி முடித்ததும் மேடையிலேயே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார். நாற்றம் முழுவதுமாகக் கடந்து போகும்வரை பம்பைத் தொட முடியாது, சாயங்காலமும் ஆகலாம், அதுவரை வாளி வாளியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். யார் ஊற்றியது, ஏன் ஊற்றியது என்று எழுதி வாங்க ஆட்கள் கிளம்பி வருகிறார்கள் என்பதையும் சொன்னார்.

வரட்டும் என்றார் அத்தான். வாளித் தண்ணீரை ஆற்றில் கொட்டாமல், கரைக்கு நடந்து போய், சரளைக்கற்களின் மேல் ஊற்றிவிட்டு வந்தார். அதனால் எந்த வித்தியாசமும் வரப்போவதில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். பிறகு கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினார். நிரம்பியதும் இழுத்து, முகராமல், அவளிடம் நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"இன்னும் கூடுது."

அவர் தலையசைத்தார். கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்து மறுபடி இறக்கினார்.